கதவைப் பார்த்து நின்ற மஞ்சள் சைக்கிள்

போன மாதம் ஒர்க்‌ஷாப்பில் எனக்குப் பிரிவுபசாரம் நடந்தது. கேக் வெட்டினார்கள், மாலை போட்டார்கள், ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கையில் கொடுத்தார்கள். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு எதற்குக் கடிகாரம் கொடுக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். நல்ல கடிகாரம்தான்.

அன்றைக்கு ஸ்டாண்டில் ஒரு புது சைக்கிள் மாட்டியிருந்தது. பேட்டரியில் கியர் மாறுகிற வகை. கூட வேலை பார்க்கிற இம்ரான் அதைத் தட்டிக் காட்டிச் சொன்னான்: “ஸ்டெல்லாக்கா, இனிமே எல்லா பிரேமுக்கும் ஒரே ஹேங்கர்தான் வரப்போவுது. கியரு பேட்டரில ஓடுது. உங்களோட சேத்து, ஹேங்கர நிமித்துற உங்க கேஜுக்கும் இன்னைக்கே ரிட்டயர்மென்ட் குடுத்துடலாம்.”

“பேட்டரி போட்டா மட்டும் அது எதுலடா தொங்குது? காத்துலயா?” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு மஞ்சள் டேண்டம் கதையைச் சொல்லச் சொன்னார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் இம்ரானே ஆரம்பித்துவிட்டான். அவன் சொன்ன கதையில் நான் கண் மையை எடுத்து சைக்கிளுக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்தேனாம், உடனே அது சரியாகிவிட்டதாம். இப்படியே விட்டால் இன்னும் கொஞ்ச நாளில் எலுமிச்சம்பழமும் சேர்ந்துவிடும். அதனால்தான் நானே உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் ஊர் கே.ஜி.எஃப். அப்பா சுரங்கத்தில் இருந்தார். சுரங்கத்தை மூடியதும் பாதி ஊர் காலை ரயிலில் ஏறி பெங்களூருக்கு வேலை தேடி வந்தது, அந்தப் பாதியில் நானும் ஒருத்தி. அந்த ரயிலில் உட்கார இடம் பிடித்தவர்களுக்கு உலகத்தில் எந்த வேலையும் கஷ்டம் இல்லை. முதலில் ஒரு சைக்கிள் கிடங்கில் பெட்டி பிரித்து, உள்ளே இருக்கும் சைக்கிளைப் பூட்டி நிறுத்துகிற வேலை. அங்கேயே வீல் பெண்டு எடுக்கப் பழகினேன். பிறகு காக்ஸ் டவுன் பக்கம் ஒரு சர்வீஸ் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். கல்யாணமாகி ஜீவனஹள்ளியில் குடியேறினோம், நடந்தே வேலைக்குப் போய்வரலாம். அவ்வளவுதான் என் பூர்வகதை.

ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்து, “மெக்கானிக் இல்லையாம்மா?” என்று கேட்பார்கள். “இருக்காரே, உங்ககிட்டதான் பேசிக்கிட்டிருக்காரு” என்பேன். சிலருக்கு அசடு வழியும். சிலர் சைக்கிளை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்கள். அடுத்த முறை அவர்களே வந்து, “அந்தம்மாவே பாக்கட்டும்” என்று அடம் பிடிப்பார்கள். இதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் ஒருநாளும் மறைத்ததில்லை.

ஒர்க்‌ஷாப்புக்குப் பொறுப்பாளர் நஞ்சப்பா சார். துமகூர் பக்கத்துக்காரர். நம்மோடு தமிழில் பேசுவார், கோபம் வந்தால் கன்னடத்துக்குப் போய்விடுவார். கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அவர் குரல் காதில் விழவில்லை என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம். வேலையைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அவரிடம் இருந்தது இரண்டே தீர்ப்பு. ஒன்று “ஆய்த்து”. இன்னொன்று “இன்னொந்து சல”. ஆயிற்று, அல்லது இன்னொரு தடவை. நடுவில் எதுவும் கிடையாது.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு பழக்கம் உண்டு, அதுவும் அவர் வைத்ததுதான். வேலை முடிந்த சைக்கிளைக் கதவைப் பார்த்து நிறுத்த வேண்டும். முடியாத சைக்கிள் சுவரைப் பார்த்து நிற்கும். திருப்பி நிறுத்துகிற உரிமை அவருக்கு மட்டும்தான். வேலை செய்தவர் கைப்பிடியைத் தொடக்கூடாது. காலையில் உள்ளே நுழைந்ததும் எத்தனை சைக்கிள் நமக்கு முதுகைக் காட்டுகிறது என்று பார்த்தாலே அன்றைய பொழுது எப்படிப் போகும் என்று தெரிந்துவிடும்.

இன்னொரு பழக்கம், ஓட்டிப் பார்த்துவிட்டு வருகிறவரிடம் “சரியா இருக்கா?” என்று யாரும் கேட்கக்கூடாது. “அப்படிக் கேட்டா ஜனங்க மரியாதைக்கு ஹவுது, ஆமான்னுடுவாங்கம்மா. மனசுல வேற இருக்கும்” என்பார் சார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று. “ஏனாதரூ கேளிஸ்தா?” ஏதாவது சத்தம் கேட்டதா என்று. அதற்கு மரியாதைக்குப் பதில் சொல்ல முடியாது. கேட்டிருந்தால் கேட்டது, இல்லையென்றால் இல்லை.

ஹேங்கர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கியர் சைக்கிளின் பின் சக்கரத்துப் பக்கத்தில், சின்னச் சின்னப் பல்சக்கரம் வைத்த ஒரு கை கீழே தொங்கும். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளுவது அதுதான். நாங்கள் ஆர்.டி. என்போம். அந்த ஆர்.டி.யை பிரேமோடு பிடித்துக்கொண்டிருக்கிற விரல் நீளத்து அலுமினியத் துண்டுதான் ஹேங்கர். வேண்டுமென்றே மெத்தென்று செய்திருப்பார்கள். சைக்கிள் விழுந்தால் பிரேம் வளையாமல் அது வளையட்டும் என்று. அது இம்மியளவு வளைந்தாலும் கியர் ஒழுங்காக விழாது. அதிகம் வளைந்தால் ஆர்.டி. சக்கரத்துக் கம்பிக்குள் போய்ச் சிக்கிக்கொள்ளும். சிக்கினால் பின் சக்கரம் அப்படியே நின்றுவிடும், ஓட்டுகிறவர் நிற்க மாட்டார்.

வளைந்த ஹேங்கரை நிமிர்த்த ஒரு கேஜ் இருக்கிறது. நீளமான இரும்புக் கை. ஆர்.டி.யைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் கேஜைத் திருகி, அதன் நுனியை ரிம்மிடம் கொண்டுபோய் இடைவெளி பார்க்க வேண்டும். மேலே, கீழே, முன்னே, பின்னே என்று நாலு திசையிலும் ஒரே இடைவெளி இருந்தால் ஹேங்கர் நேர். இல்லாத திசையில் மெதுவாக வளைக்க வேண்டும். மெதுவாக என்றால், குழந்தைக்குக் காது குத்துகிறபோது தலையைப் பிடிப்போமே, அந்த மாதிரி.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கேஜ் அளப்பது சக்கரத்தை வைத்து. சக்கரமே கோணலாக உட்கார்ந்திருந்தால் ஹேங்கரையும் அந்தக் கோணலுக்குத்தான் நிமிர்த்துவோம். அதனால் சார் ஓயாமல் சொல்வார்: “வீல் மொதலு. ஆமேல மிச்சதெல்லா.” முதலில் சக்கரம், பிறகுதான் மற்றதெல்லாம்.

இப்போது மஞ்சள் டேண்டத்துக்கு வருகிறேன். டேண்டம் என்பது இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து மிதிக்கிற நீள சைக்கிள். அதைத் தள்ளிக்கொண்டு இரண்டு பெண்கள் வந்தார்கள். முன்னால் உட்கார்ந்து ஓட்டுகிறவள் ரேகா, ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர், கன்னடப் பெண். பின்னால் உட்கார்ந்து மிதிக்கிறவள் பவித்ரா. திருப்பத்தூர் பக்கம், வங்கி ஒன்றில் போன் எடுக்கிற வேலை. பவித்ராவுக்குக் கண் தெரியாது. ஆனால் அவள் பேச்சுக்கு முன்னால் கண் தெரிகிற நாங்கள்தான் வழி தெரியாமல் நிற்போம்.

அன்றைக்கு அவள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கட்டு. ரேகாவுக்குக் கன்னத்தில் சிராய்ப்பு. முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு ஏற்றத்தில் இரண்டு பேரும் எழுந்து நின்று மிதித்திருக்கிறார்கள். ‘கடக்’ என்று ஒரு சத்தம். செயின் கம்பிக்குள் போய்விட்டது, சக்கரம் நின்றுவிட்டது, விழுந்துவிட்டார்கள்.

“எனக்கு ஒண்ணும் இல்லக்கா, தோலு போனா வளந்துடும். இவதான் அதுலேர்ந்து எழுந்து நின்னு மிதிக்கவே மாட்டேங்குறா” என்றாள் பவித்ரா.

ரேகா தமிழும் கன்னடமுமாகக் கலந்து பேசுவாள். “அவ நன்ன நம்பி பின்னாடி கூத்திருக்கா. என்ன வரப்போவுதுன்னு அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த சத்தம் ஞாபகம் வந்தா உக்காந்துடறேன்.”

விஷயம் இதுதான். மாநில அணிக்கு ஆள் எடுக்கிற பந்தயம் அடுத்த ஞாயிறு. தேவனஹள்ளிக்கு அப்பால் ஒரு மலைப்பாதையில். டேண்டம் அவர்களுடையது இல்லை, ஒரு டிரஸ்ட் கொடுத்தது. இருப்பது அந்த ஒன்றுதான். இந்த முறையும் தேர்வாகவில்லை என்றால் சைக்கிள் வேறு ஜோடிக்குப் போய்விடும். மலையில் உட்கார்ந்தே மிதித்து யாரும் ஜெயிக்க முடியாது. ஆக, அந்தச் சத்தம் போனால்தான் ரேகா எழுந்து நிற்பாள், அவள் நின்றால்தான் இந்த இரண்டு பேருக்கும் சைக்கிள்.

“வண்டி மட்டும் பளிச்சுன்னு இருக்கே” என்றேன்.

“புதுப் பெயின்ட்டுக்கா. மஞ்சள்னு நான்தான் சொன்னேன். ரோட்ல வர்றவனுக்கு நாங்க தெரியணும்ல. ரேகாவோட மாமா பொம்மனஹள்ளியில இரும்புக் கேட்டுக்கும் கிரில்லுக்கும் பவுடர் கோட்டிங் அடிக்கிற ஷெட்டு வெச்சிருக்காரு. பத்து வருசம் ஆனாலும் உரியாதுன்னு சொன்னாரு.”

இது என் காதில் விழுந்தது. எங்கள் எல்லோர் காதிலும் விழுந்தது. அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனோம்.

முதலில் இம்ரான் கை வைத்தான். ஹேங்கர் வளைந்திருந்தது. விழுந்த சைக்கிளில் வளையாமல் இருந்தால்தான் அதிசயம். புது ஹேங்கர் வரவழைத்து மாட்டி, கேஜ் வைத்து, நாலு திசையும் சரி பார்த்தான். ஸ்டாண்டில் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. இரண்டு பேரும் தெருமுனை வரை ஓட்டிவிட்டு வந்தார்கள்.

“ஏதாவது கேக்குதா?”

“கேக்குது” என்றாள் பவித்ரா.

அடுத்து சார் பார்த்தார். புது ஹேங்கர் இம்மியளவு உள்ளே சாய்ந்திருந்தது. நிமிர்த்தினார். ஸ்டாண்டில் சரி. ரோட்டில் ‘கடக்’. பிறகு நான் பார்த்தேன், இந்த முறை வேறு பக்கம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தினேன். ஸ்டாண்டில் சரி. ரோட்டில் திரும்பவும் ‘கடக்’. ஒரே ஹேங்கரை மூன்று கை மூன்று விதமாக அளந்தது, மூன்று பேரும் சரியாகத்தான் அளந்தோம். கேஜ் பழகிய கைக்கு மட்டுமே வருகிற வியாதி இது. கேஜ் கோணல் என்று சொன்னால் நிமிர்த்தத்தான் தோன்றும். கையில் சுத்தியல் இருப்பவனுக்குப் பார்ப்பதெல்லாம் ஆணி என்கிற கதைதான்.

டேண்டம் சுவரைப் பார்த்தபடியே கிடந்தது. அதன் நீளத்துக்கு அது போகிற வழியெல்லாம் அடைத்துக்கொண்டது. தேநீர் கொண்டு வருகிறவர் அதில் இடித்துக்கொண்டு எங்கள் எல்லோரையும் சபித்தார்.

சார் குரல் இறங்க ஆரம்பித்தது. நான் வீலிலிருந்து ஆரம்பித்தேன். பின்னால் நின்று பார்த்தால் சக்கரத்தின் தலை வலப்பக்கம் சாய்ந்திருந்தது, கொஞ்சம்தான், ஆனால் தெரிந்தது. சக்கரமே கோட்டமா, இல்லை சக்கரம் உட்காருகிற இடம் கோணலா? இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. சக்கரத்தைக் கழற்றி இடம் வலமாகத் திருப்பி மாட்ட வேண்டும். சாய்வும் கூடவே திரும்பினால் குற்றவாளி சக்கரம். திரும்பாவிட்டால் சக்கரம் நிரபராதி. மாட்டினேன். சாய்வு அதே வலப்பக்கம்தான். சக்கரத்தை விட்டுவிட்டேன்.

பிரேம் முறுக்கியிருக்குமோ என்று சார் சந்தேகப்பட்டார். ஒரு நூலை பின்பக்கம் அச்சு உட்காருகிற இடது காதில் கட்டி, முன்னால் கைப்பிடிக் குழாயைச் சுற்றிக்கொண்டு வந்து வலது காதில் கட்டினோம். நூலுக்கும் நடுக்குழாய்க்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்று போலவே இருந்தது. பிரேமும் நிரபராதி. ஹேங்கர் புதிது, பெட்டியிலிருந்து எடுத்தது. மூன்று பேருமே நல்லவர்கள், ஆனால் வீட்டில் திருட்டு நடந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சார் அந்தப் பெண்களை வரச்சொன்னார். நான் பக்கத்திலேயே இருந்தேன். அவர் பேசுவது எனக்கே சரியாகக் கேட்கவில்லை, அவ்வளவு இறங்கியிருந்தது.

“இந்த வண்டியை நான் கதவு பக்கம் திருப்ப மாட்டேம்மா. ஏத்தத்துல போனா போகட்டும், எறக்கத்துல இது சிக்கினா ரெண்டு பேரும் போயிடுவீங்க. பந்தயம் இன்னொரு வருசம் வரும்.”

“சைக்கிள் வராது சார்” என்றாள் பவித்ரா. அன்றைக்குத்தான் அவள் வேடிக்கையாகப் பேசாமல் நான் பார்த்தது. ரேகாவின் முகத்தில் நிம்மதி மாதிரியும் இருந்தது, அவமானம் மாதிரியும் இருந்தது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சார் மேல் இல்லை. அவர் சொன்னது சரி. ஒரு துண்டு அலுமினியம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறதே என்று ஆத்திரம். “சாயந்தரம் வரைக்கும் டைம் குடுங்க சார்” என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். வீட்டுக்காரர் ஜெயராஜ் முறுக்கு வைத்து அனுப்பியிருந்தார். இடது பக்கமாகவே கடித்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் வலது பக்கம் அப்போதுதான் ஒரு பல்லுக்குத் தொப்பி போட்டிருந்தார்கள், ‘கேப்’ என்கிறார்களே, அது. அந்தத் தொப்பி முதலில் படுத்திய பாடு! பார்க்க அழகாக இருக்கும், கடித்தால் தாடை முழுக்க வலிக்கும். திரும்பப் போனபோது பல் டாக்டர் ஒரு நீலக் காகிதத்தைக் கொடுத்து, கடிக்கச் சொன்னார். எடுத்துப் பார்த்தால் தொப்பியின் ஒரு மூலையில் மட்டும் நீலப் புள்ளி. “இங்கதான் முட்டுது” என்று அந்த இடத்தை மட்டும் தேய்த்துவிட்டார். வலி போய்விட்டது, பயம்தான் இன்னும் போகவில்லை.

முறுக்கு வாயிலேயே நின்றது. பல்லைக் குற்றம் சொல்லவில்லை, தாடையைக் குற்றம் சொல்லவில்லை, தொப்பியையும் குற்றம் சொல்லவில்லை. எங்கே முட்டுகிறது என்று மட்டும்தான் அந்த டாக்டர் பார்த்தார். நாங்கள் ஹேங்கரைப் பார்த்தோம், பிரேமைப் பார்த்தோம். இரண்டும் ஒன்றையொன்று தொடுகிற இடத்தை யாருமே பார்க்கவில்லை!

எழுந்து ஓடிப்போய் ஹேங்கரைக் கழற்றினேன். அது உட்காருகிற பள்ளம் மஞ்சளாகப் பளபளவென்று இருந்தது. அங்கே பெயின்ட் இருப்பது வழக்கம்தான், அதனால்தான் எவர் கண்ணிலும் படவில்லை. ஆனால் கம்பெனிப் பெயின்ட் வெங்காயத் தோல் மாதிரி இருக்கும். இது கேட்டுக்கும் கிரில்லுக்கும் அடிக்கிற பவுடர் கோட்டிங், தடிமனாகப் படியும். அதன் மேல் விரலை ஓட்டினேன், வழவழவென்று இருந்தது, ஒன்றும் புலப்படவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த பவித்ராவைக் கூட்டி வந்து, பள்ளத்தில் அவள் விரலை வைத்து, “நீ தொட்டுப் பாரும்மா, உனக்குத் தெரியும்” என்றேன்.

அவள் நிதானமாகத் தடவிப் பார்த்துவிட்டு, “எனக்கும் ஒண்ணும் தெரியலக்கா. எல்லாரும் என் வெரல்ல ஏதோ மந்திரம் இருக்குன்னு நெனக்கிறீங்க” என்றாள்.

“போடி. மை இருக்கா உன்கிட்ட? கண் மை?”

“இருக்கு. கண்ணு தெரியாதவளுக்கு எதுக்கு மைன்னு கேக்காதீங்க. பாக்குறவங்களுக்குத்தான்.” பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஹேங்கரின் முதுகில் மையை மெல்லிசாக, ஒரே சீராகத் தடவினேன். பள்ளத்தில் உட்கார வைத்துத் திருகினேன். சக்கரத்தை மாட்டி லீவரை இறுக்கினேன். பிறகு எல்லாவற்றையும் கழற்றினேன். சாரைக் கூப்பிட்டேன், இம்ரான் தானாகவே வந்து நின்றான்.

நன்றாக உட்கார்ந்திருந்தால் பள்ளம் முழுக்கக் கறுப்பாகியிருக்க வேண்டும். மஞ்சள் அப்படியே மஞ்சளாக இருந்தது. மேல் விளிம்பில் ஒரு கறுப்புப் புள்ளி, எதிர் மூலையில் இன்னொன்று. அவ்வளவுதான். எங்கள் ஹேங்கர் பிரேமில் உட்காரவே இல்லை. இரண்டு பெயின்ட் திட்டு மேல் குந்தியிருந்தது, கால் சரியில்லாத ஸ்டூல் மாதிரி. அந்த சைக்கிளில் வலது காதின் உள்பாதி ஹேங்கராலேயே ஆனது. அச்சின் வலது முனை அதன் மேல்தான் உட்காரும். ஹேங்கர் முழுசாக மேலே ஏறாததால் அச்சின் வலது முனை தாழ்ந்துவிட்டது, சக்கரத்தின் தலை வலப்பக்கம் சாய்ந்தது. ஸ்டாண்டில் சும்மா சுற்றும்போது ஆடாமல் இருக்கும். இரண்டு பேர் எழுந்து நின்று மிதித்தால் அந்த இழுப்பில் ஒரு திட்டிலிருந்து இன்னொன்றுக்குச் சாயும். அதுதான் ‘கடக்’. ஹேங்கர் கோணல், வீல் கோணல் என்று இரண்டு வியாதிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம், இருந்தது ஒரே வியாதி.

சார் குனிந்து அந்த இரண்டு புள்ளியையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். “பெயின்ட் மாத்ரா தெகி. லோஹ முட்பேடா” என்றார். பெயின்டை மட்டும் எடு, உலோகத்தைத் தொடாதே. குரல் நன்றாகக் கேட்டது!

உலோகத்தைத் தொட்டால் பள்ளம் பெரிதாகிவிடும், பிறகு எந்த ஹேங்கரும் நிற்காது. பிளேடைப் படுக்கை வாட்டில் வைத்துச் சுரண்டினேன். மஞ்சள் சுருள் சுருளாக வந்தது. விளிம்பில் மட்டும் நைஸ் அரம், இரண்டு இழுப்பு, நிறுத்து, மை தடவு, மாட்டு, கழற்று, பார். புள்ளி இருந்த இடம் கீற்றாக ஆனது. இன்னும் சுரண்டினேன். கீற்று திட்டாக ஆனது. அச்சு உட்காருகிற இரண்டு காதின் உள்பக்கத்திலும் அதே கேட்டுப் பெயின்ட், அதையும் எடுத்தேன். கடைசியில் ஒருமுறை கழற்றிப் பார்த்தபோது பள்ளம் முழுக்கக் கறுப்பு. அழகான கறுப்பு.

துடைத்துவிட்டு, மெல்லிசாக கிரீஸ் வைத்தேன். நாங்கள் மூன்று பேரும் வளைத்து வளைத்துப் பார்த்த ஹேங்கரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பெட்டி பிரிக்காத வேறொன்றை மாட்டினேன். வீல் மொதலு. சக்கரத்தை உட்கார வைத்து, பின்னால் நின்று பார்த்தேன். நடு நடுவாக நின்றது. கேஜைத் திருகினேன். மேலே, கீழே, முன்னே, பின்னே. நாலும் ஒன்று. ஹேங்கரை நான் கையால்கூட அழுத்தவில்லை.

இரண்டு பேரும் ரயில் பாலத்து ஏற்றத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். நாங்கள் வாசலில் நின்றோம். திரும்பி வந்து இறங்கினார்கள்.

“ஏனாதரூ கேளிஸ்தா?” சாரே கேட்டார்.

“கேட்டுச்சு சார்” என்றாள் பவித்ரா. எனக்கு உயிர் போய் வந்தது. “பள்ளிவாசல் பாங்கு கேட்டுச்சு. யாரோ வீட்டுல மிக்ஸி ஓடுச்சு. ரேகா மூச்சு வாங்குறது கேட்டுச்சு. சைக்கிள் மட்டும் கேக்கல.”

“நீங்க எழுந்து நின்னு மிதிச்சீங்களா?” என்று ரேகாவைக் கேட்டேன். அவள் வேறு பக்கம் பார்த்தாள். பவித்ராதான் சொன்னாள்: “நான் நின்னேன். அவ நிக்கல.”

சார் டேண்டத்தின் கைப்பிடியைப் பிடித்தார். அந்த நீளத்தைத் திருப்ப இடமில்லை, இம்ரான் இரண்டு சைக்கிளை நகர்த்தினான். முன் சக்கரம் கதவைப் பார்த்து வந்து நின்றது. “ஆய்த்து” என்றார். எனக்கு அது பாதிதான் ஆயிற்று.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பதற வேண்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள்தான் முதலில் வந்தார்கள். மாநில அணியில் சேர்ந்தார்கள், சைக்கிளும் அவர்களிடமே நின்றது. ஆனால் நான் பார்க்கப் போனது முடிவுக்கோட்டை இல்லை. மலைப்பாதையில் இருப்பதிலேயே செங்குத்தான வளைவு எது என்று விசாரித்து அங்கே போய் நின்றேன். அங்கேதான் எல்லோரும் எழுந்து நின்று மிதித்தாக வேண்டும். பவித்ராவிடம் சொல்லி வைத்திருந்தேன், நான் அந்த வளைவில் இருப்பேன், கத்துவேன் என்று. சாரும் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவரை வீட்டுக்கு வெளியே நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மஞ்சள் தூரத்திலேயே தெரிந்தது. பவித்ரா சரியாகத்தான் நிறம் சொல்லியிருக்கிறாள். அவர்களுக்கு முன்னால் ஒரு ஜோடி. வளைவு நெருங்க நெருங்க அந்த ஜோடி எழுந்து நின்றுவிட்டது. நம் பெண்கள் இன்னும் உட்கார்ந்திருந்தார்கள். இடைவெளி கூடிக்கொண்டே போனது. ரேகாவின் முகம் எனக்குத் தெரிந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“ரேகா! எழுந்திரும்மா!” என்று கத்தினேன். “எத்து நில்லு! அது என் கை வேலை! ஒண்ணும் ஆவாது!”

முதலில் பவித்ரா எழுந்தாள். ஒரு மிதி, இரண்டு மிதி. பிறகு ரேகா எழுந்தாள். இரண்டு பேரும் ஒரே உடம்பாக நின்று மிதித்தார்கள், சைக்கிள் இடமும் வலமும் ஆட ஆட மேலே வந்தது. பக்கத்தில் சார் கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தார். நானும் கண்ணை மூடினேன். செயின் ஓடுகிற சர்ரென்ற சத்தம் கிட்டே வந்தது. டயர் ரோட்டில் உரசுகிற சத்தம். இரண்டு பேருடைய மூச்சு. நான் அந்த ‘கடக்’குக்காகக் காத்திருந்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு, தொப்பி போட்ட பல்லையும் சேர்த்துத்தான்.

சைக்கிள் எங்களைத் தாண்டுகிறபோது மூச்சுக்கு நடுவே பவித்ராவின் குரல் வந்தது.

“ஸ்டெல்லாக்கா! ஏதாவது கேக்குதா?”

அந்த மலை முழுக்கக் கேட்கிற மாதிரி நான் கத்தினேன்.

“ஒண்ணும் கேக்கலடி!”